நாற்பது மீட்டர் வாசல்

கடல் என்றால்
போகப் போக ஆழம் என்பார்கள்.
எங்கள் ஸ்குக்கெ ஃபியோர்டில் அது தலைகீழ்.
திறந்த கடலை முதுகில் விட்டு
ஊரை நோக்கி வர வர
அடியில் தரை நழுவிக்கொண்டே போகும்.
வாயில் நாற்பது மீட்டர்.
தேவாலயத்துக்கு எதிரே
முந்நூற்றுத் தொண்ணூறு.

பனியாறு செய்த வேலை.
மலையைக் குடைந்துகொண்டு இறங்கி வந்தது.
கடலைக் கண்டதும் தெம்பு போய்
சுமந்த கல்லையெல்லாம் வாசலிலேயே கொட்டிவிட்டு
உருகிப்போனது,
வீட்டை முடித்த கொத்தன்
மிச்சச் சல்லியை நடையில் விட்டுப்போன மாதிரி.
அப்புறம் கடல் குடிவந்தது.
கல்லை யாரும் அள்ளவில்லை.

அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம்
அடியில் கிடக்கும் தண்ணீருக்கு
வெளியே போக வழியில்லை.
மேலே சுற்றுலாக் கப்பல்,
அருவிக்குக் கையசைக்கும் மஞ்சள் மழைக்கோட்டுகள்.
கீழே
ஒன்பது வருடத்துப் பழைய இருட்டு.

மாதம் ஒருமுறை
பெர்கன் பேருந்தில் வந்து இறங்குவாள் இங்குன்.
என் படகு, என் டீசல், அவள் சீசாக்கள்.
கம்பி இறங்கப் பதினோரு நிமிடம்,
ஏறப் பதினோரு நிமிடம்.
நடுவில் ஓர் ஆரஞ்சு உரிப்பாள்.
தோலைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொள்வாள்.
பேச்சு கிடையாது.

அடிநீர் மேலே வந்ததும்
அழுகிய முட்டை வாடை.
மருந்து இரண்டு துளி விடுவாள்.
நீரில் மூச்சு இருந்தால் பழுப்பாகத் திரளும்.
இல்லையென்றால் வெள்ளை.
குறிப்பேட்டில் நூற்றேழு தடவை
வெள்ளை என்று எழுதியிருந்தாள்.
ஒரு மாதமாவது ‘மேற்படி’ என்று
சுருக்கியிருக்கலாம்.
ஒவ்வொரு முறையும் முழுச் சொல்.

இந்த ஜனவரியில் பன்னிரண்டு நாள்
வாடைக்காற்று.
கரையோரத்து மேல்தண்ணீரைச் சுருட்டி
நடுக்கடலுக்குத் துரத்தியது.
அது விட்ட இடத்தில்
குளிர்ந்து கனத்த உப்புநீர் எழும்பி
வாசற்கல்லைத் தாண்டி
உள்ளே சரிந்தது.
யாரும் பார்க்கவில்லை.
பார்க்க ஒன்றுமில்லை.
மேலே அதே சாம்பல் தகடு.

பிப்ரவரி.
எங்கள் பள்ளத்துக்கு இன்னும் வெயில் வராத காலம்.
என் தலைவிளக்கருகே சீசாவைப் பிடித்தாள்.
பழுப்பு.
மேஜைத்துணியில் காபி சிந்திய பழுப்பு.
இன்னொரு சீசா. பழுப்பு.
சிரித்தாள்,
அவளுக்கு முன்பல் ஒன்று கோணல் என்று
அன்றுதான் தெரிந்தது.
ஆரஞ்சில் பாதியை
என் கையுறைமேல் வைத்தாள்.

அப்போது போன்.
ஹல்வார், என் தங்கை புருஷன்.
“மீனெல்லாம் மேலே வருது” என்றான்.
அவ்வளவுதான் சொன்னான்.

புதுத் தண்ணீர் அடியில் புகுந்தால்
பழையது எங்கே போகும்?
அதை முதுகில் தூக்கிக்கொண்டு
மெல்ல மெல்ல
ஹல்வாரின் வலைக்கூண்டு வரை
ஏறி வந்திருந்தது ஃபியோர்டு.

நாங்கள் போனபோது
நாற்பதாயிரம் சால்மன்.
வயிறு காட்டி மிதந்தன,
வெள்ளை வெள்ளையாய்.
அதே முட்டை வாடை, இப்போது காற்று முழுக்க.
அவன் கைவலையால் அள்ளிக்கொண்டிருந்தான்,
எண்ணுகிறவன் போல, ஒவ்வொன்றாக.

இங்குன் அங்கேயும் ஒரு சீசா முக்கினாள்.
கை அதுவாகச் செய்தது என்று நினைக்கிறேன்.
“என்ன தெரியுது?” என்றான் ஹல்வார்.
அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.
“அடியில் மூச்சு வந்துவிட்டது.”
“நல்லது” என்றான்.
அந்தச் சொல்லை அவன் எந்தப் பக்கமாகச் சொன்னான் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அள்ளிய வலையை அவளிடம் நீட்டினான்.
அவள் வாங்கிக்கொண்டாள்.

கடைசிப் பேருந்து
மலைவளைவில் ஹாரன் அடித்துப் போனது.
நாங்கள் மூவரும் நிமிரவில்லை.
சட்டைப்பையில்
அரை ஆரஞ்சு கல்லாக உறைந்திருந்தது.
நடுராத்திரிக்கு மேல்
படகறையில் குறிப்பேட்டைத் திறந்து
நூற்றெட்டாவது வரியில் பழுப்பு என்று எழுதினாள்.
பேனாவை மூடவில்லை.
அதற்கு நேரே, ‘மற்றவை’ என்ற கட்டத்தில்
அவள் இதுவரை எதுவும் எழுதியதில்லை.